மாமாவின் கேம் பாய் கேசட்டுகள்: 200 வெள்ளிக்குக் கொடுத்துவிடலாமா?

தம்பி, இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். கடைக்காரர் சொன்ன 200 வெள்ளி (ரிங்கிட்) குறைவு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள ஒரே ஒரு கேசட் அசலாக இருந்தால், அது ஒன்றே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். மற்ற 22-இல் பாதிக்கு மேல் பத்து இருபது வெள்ளிகூடப் பெறாமல் போகலாம். இந்தச் சந்தையே அப்படித்தான் இருக்கிறது. மதிப்பு ஒன்றிரண்டில் குவிந்து கிடக்கும், மற்றவை துணைக்கு வரும். அதனால்தான் தரம் பிரிக்காமல் மொத்தமாக விற்கக் கூடாது என்கிறேன்.

படிக்கும் மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பாட்டி இருந்த லயத்து வீட்டைக் காலி செய்கிறார்கள். அலமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் டின்னில் 23 கேம் பாய் கேசட்டுகள். கேம் பாய் என்பது நிண்டெண்டோவின் பழைய கைவிளையாட்டுக் கருவி, கேசட் என்பது அதில் செருகி ஆடும் ஆட்டம். மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்தவை சில, தோட்டத்துச் சம்பளச் சந்தையிலும் பட்டணத்து இரவுச் சந்தையான பசார் மாலாமிலும் வாங்கியவை சில. எதற்கும் அட்டைப்பெட்டி இல்லை. ஈப்போவில் ஒரு கடையில் காட்டியபோது, "எல்லாம் சேர்த்து 200" என்றார்களாம். பட்டியலில் டெட்ரிஸ், சூப்பர் மாரியோ லேண்ட், கிர்பி, போக்கிமோன் வகையில் ஆறு, "32 இன் 1" (ஒரே கேசட்டில் 32 ஆட்டம்) ஒன்று, ஜப்பானிய எழுத்தில் பெயர் தெரியாதவை சில.

பேராக்கில் இப்போது இந்த மாதிரி டின்கள் நிறைய வெளியே வருகின்றன. தோட்டங்கள் கைமாறுகின்றன, ரப்பர் போய்ச் செம்பனை வந்த நிலம் பிறகு வீடமைப்புக்குப் போகிறது, லயத்தில் இருந்தவர்கள் தாமான் குடியிருப்புகளுக்கு மாறுகிறார்கள். மாறும் அவசரத்தில் பழைய சாமான் எடுக்கிறவரிடம் கிலோக் கணக்கில் போய்விடுகிறது. நீங்கள் நிறுத்திக் கேட்டது நல்லது.

பழசு என்பதால் விலை வந்துவிடாது. முதலில் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேம் பாய் ஜப்பானில் வெளிவந்தது 1989 ஏப்ரலில். மேற்கு நாடுகளில் அதோடு டெட்ரிஸ் கேசட்டைச் சேர்த்தே விற்றார்கள். அந்த ஆட்டம் மட்டும் சுமார் 35 மில்லியன் போனது. சூப்பர் மாரியோ லேண்ட் 18 மில்லியன். இவ்வளவு பேரிடம் இருந்த பொருளை இன்று யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் டின்னிலேயே வயதில் மூத்த அந்த இரண்டும்தான் விலையில் அடிமட்டம்.

விலை ஏறுவது, தேடுகிறவர்கள் நிறைய இருந்து, அச்சிட்டது குறைவாக இருந்தால்தான். கேம் பாய்க்குப் பின் வந்த கேம் பாய் கலர் கருவிக்கான ஷாந்தே என்ற ஆட்டத்தைப் பாருங்கள். 2002-இல் காப்காம் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அடுத்த கருவியான கேம் பாய் அட்வான்ஸ் வந்துவிட்டதால் பழைய கருவிக்குப் புது ஆட்டம் வாங்க ஆளில்லை. அதனால் அச்சிட்டதே கொஞ்சம். பிறகு அந்தப் பாத்திரம் புகழ்பெற்றுத் தொடர்கள் வந்தபோது, முதல் கேசட்டைத் தேடிச் சேகரிப்பாளர்கள் கிளம்பினார்கள். இன்று அது அந்தக் கருவியின் விலை உயர்ந்த கேசட்டுகளில் ஒன்று. சன்சாஃப்ட் நிறுவனத்தின் டிரிப் வேர்ல்ட் ஆட்டத்தின் ஐரோப்பியப் பதிப்பும் இப்படிக் குறைவாக அச்சிட்டு விலை ஏறியதுதான். இவை உங்கள் டின்னில் இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் ஜப்பானிய எழுத்துக் கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பெயர் கண்டுபிடியுங்கள். பெயர் தெரியாத கேசட்டைக் கொடுத்துவிடுவது, பரிசுச் சீட்டைப் பிரித்துப் பார்க்காமல் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

சரி, போக்கிமோனுக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிரே அங்கேதான்.

ஆங்கிலத்தில் "போக்கிமோன் கிரீன்" என்று ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது போலி. அதைப் பார்க்காமலே சொல்லலாம். 1996-இல் ஜப்பானில் சிவப்பும் பச்சையும் வந்தன. 1998-இல் அமெரிக்காவுக்கு வந்தபோது சிவப்பும் நீலமும்தான். கேம் பாய்க்கு ஆங்கிலத்தில் பச்சைப் பதிப்பை நிண்டெண்டோ வெளியிடவே இல்லை. அடுத்து "போக்கிமோன் ஜேட்". அது போக்கிமோனே இல்லை. 2000-இல் ஜப்பானில் வந்த டெலிஃபாங் என்ற வேறோர் ஆட்டத்தை மோசமான ஆங்கிலத்தில் மாற்றி, போக்கிமோன் பெயரை ஒட்டி விற்றார்கள். டயமண்ட் என்று அதற்கு ஒரு ஜோடியும் உண்டு. உண்மையான போக்கிமோன் டயமண்ட் 2006-இல், நிண்டெண்டோவின் பிந்தைய கருவியான டிஎஸ்-க்குத்தான் வந்தது. "32 இன் 1" போலி என்று சொல்லவே வேண்டாம். இந்த மூன்றையும் தனியே எடுத்து வையுங்கள். போலிகளை விற்க வேண்டாம்.

மீதி நான்கு: ஜப்பானிய சிவப்பு, ஜப்பானிய கோல்ட், ஆங்கில கிரிஸ்டல், ஆங்கில எமரால்ட். கடைசி இரண்டும்தான் முக்கியம்.

ஏன் என்று கேட்பீர்கள். கேம் பாய் காலத்தில் போக்கிமோனின் ஒவ்வொரு தலைமுறையிலும் முதலில் ஜோடியாக இரண்டு பதிப்புகள் வந்தன, பிறகு திருத்தி விரிவாக்கிய மூன்றாவது ஒன்று வந்தது. அட்வான்ஸுக்கு வந்த ஜோடியான ரூபியும் சபையரும் சேர்ந்து 16 மில்லியன் விற்றன. அவற்றின் மூன்றாவதான எமரால்ட் 7 மில்லியனுக்குச் சற்று மேல். கோல்ட், சில்வர் ஜோடிக்கு மூன்றாவதான கிரிஸ்டல் அதைவிடக் குறைவு. விற்றது குறைவு, ஆனால் திரும்பவும் விளையாட நினைக்கிறவர்கள் விரும்புவது பெரும்பாலும் இந்த மூன்றாவது பதிப்பைத்தான். அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று முப்பதைத் தாண்டிச் சம்பாதிக்கிறார்கள், அவர்கள்தான் வாங்குகிறார்கள். ஆங்கில எமரால்ட், அசல், பெட்டி இல்லாத வெறும் கேசட், வெளிநாட்டுச் சந்தையில் சில ஆண்டுகளாகவே 100 அமெரிக்க டாலருக்கு மேல் போகிறது. அந்தக் கடைக்காரரின் 200 வெள்ளியை இதோடு வைத்துப் பாருங்கள்.

மொழி இங்கே பெரிய வேறுபாடு செய்கிறது. கேம் பாய், கலர், அட்வான்ஸ் மூன்றுக்கும் வட்டாரப் பூட்டு கிடையாது. ஜப்பானியக் கேசட் நம் ஊர்க் கருவியிலும் ஓடும். ஆனால் போக்கிமோன் மாதிரி படித்துப் படித்து விளையாட வேண்டிய ஆட்டத்தை ஜப்பானிய மொழியில் வாங்க வெளியே ஆள் குறைவு. அதோடு ஜப்பானில் அவை மில்லியன் கணக்கில் விற்றவை, இன்றும் அங்கே பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அந்தச் சாமான் நம் நாட்டுக்கும் வருகிறது. ஜப்பானின் புக்ஆஃப் நிறுவனம் இங்கே ஜாலான் ஜாலான் ஜப்பான் என்று கடைகளே நடத்துகிறது. ஆகவே ஜப்பானிய சிவப்புக்கு இருபது முப்பது வெள்ளியை எதிர்பாருங்கள், நூறுகளை வேண்டாம். கிர்பி போலப் படிக்க அவ்வளவு தேவையில்லாத ஆட்டங்களில் இந்த இடைவெளி குறையும்.

இப்போது எமரால்ட் அசலா என்று பார்க்கும் வேலை. அவசரப்படாமல் செய்யுங்கள். உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் கேசட்டுகளில் இது ஒன்று.

முதலில் லேபிள். அசலில் எழுத்தும் படமும் கூர்மையாக இருக்கும், தகடு போல மினுமினுக்கும். அமெரிக்கப் பதிப்பென்றால் ஏஜிபி-பிபிஇஇ-யுஎஸ்ஏ என்ற குறியீடு ஆங்கில எழுத்தில் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் லேபிளின் மேல் மையில்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்கங்கள் தெரியும், சிலவற்றில் கூடவே ஓர் எழுத்தும் இருக்கும். பல போலிகளில் இது இருக்காது. ஆனால் லேபிளை மட்டும் நம்பாதீர்கள், இப்போது அதையும் நன்றாகவே அச்சடிக்கிறார்கள்.

அடுத்து கேசட்டின் வாய்ப்பக்கம். முன்பக்கம் உங்களைப் பார்த்திருக்க, கீழே உள்ள திறப்பின் வழியே உள்ளே நோக்கினால், தங்க நிறப் பட்டைகளுக்கு மேலே போர்டில் (உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையில்) நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்க வேண்டும். எமரால்டின் ஓடு பச்சைக் கண்ணாடி போன்றது, உள்ளிருக்கும் போர்டும் வட்டமான பேட்டரியும் வெளியிலிருந்தே மங்கலாகத் தெரியும். உள்ளே பேட்டரியே இல்லை என்றால் போலி என்று முடிவு கட்டலாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் திறந்துதான் பார்க்க வேண்டும். அட்வான்ஸ் கேசட்டுக்கு மூன்று இதழ் தலையுள்ள ஸ்குரூ டிரைவர் வேண்டும். பழைய கேம் பாய் கேசட்டுக்கு 3.8 மில்லிமீட்டர் அளவில் தனிவகைத் தலை ஒன்று உண்டு. இரண்டும் இணையத்தில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். கத்தி முனையால் நெம்ப வேண்டாம், ஓட்டில் விழும் கீறல் விலையைக் குறைக்கும். உள்ளே அசல் போர்டில் நிண்டெண்டோ பெயரும் எண்களும் தெளிவாக இருக்கும், பேட்டரி உலோகத் தகடுகளால் பற்றவைக்கப்பட்டிருக்கும். போலியில் பெரும்பாலும் சிப்புக்குப் பதில் கறுப்புப் பிசின் துளி ஒன்றோ, பெயரில்லாத சிப்போ இருக்கும். திறந்தவுடன் போர்டை இரண்டு பக்கமும் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். விபரம் தெரிந்து வாங்குகிறவர் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.

ஓட்டிப் பார்க்க, அட்வான்ஸின் மடக்கு வகையான அட்வான்ஸ் எஸ்பி கருவி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். கேம் பாய், கலர், அட்வான்ஸ் மூன்று வகைக் கேசட்டும் அதில் ஓடும். டிஎஸ் வைத்திருப்பவர்கள் அதில் பழைய கேம் பாய் கேசட்டைப் போட முயல வேண்டாம், அது பொருந்தாது. இந்த மூன்று வகையில் அட்வான்ஸ் கேசட் மட்டும்தான் முதல் டிஎஸ், டிஎஸ் லைட் கருவிகளில் ஓடும்.

எமரால்டைப் போட்டதும் உள் பேட்டரி தீர்ந்துவிட்டது, ஆட்டத்தை ஆடலாம், கடிகாரம் சார்ந்த நிகழ்வுகள் மட்டும் நடக்காது என்று ஓர் அறிவிப்பு வரலாம். இருபது ஆண்டுப் பேட்டரிக்கு அது இயல்பு. போலியிலும் வரும் என்பதால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

பேட்டரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெரியாமல் கை வைத்தால் ஈடு செய்ய முடியாத இடம் இது. மாமா விளையாடிச் சேமித்த ஆட்டம், கிரிஸ்டல் போன்ற பழைய கேசட்டுகளில், மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவில் நிற்கும். அந்த மின்சாரத்தைக் கொடுப்பது உள்ளே இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரி. கோல்ட், சில்வர், கிரிஸ்டல் மூன்றிலும் அதே பேட்டரி ஒரு கடிகாரத்தையும் ஓட்டுகிறது, அதனால் சிவப்பு, நீலத்தைவிட இவற்றில் சீக்கிரம் தீரும். பேட்டரி தீர்ந்தாலும், அதைக் கழற்றினாலும் சேமித்தது அழிந்துவிடும். எமரால்டில் அப்படி இல்லை. அங்கே சேமிப்பு, மின்சாரம் இல்லாமலும் நிற்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது, பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்.

ஆகவே கிரிஸ்டலைப் போட்டுப் பாருங்கள். மாமாவின் பழைய ஆட்டம் இன்னும் திறந்தால், அதற்கு மேல் எதையும் தொடாதீர்கள். கேசட்டைக் கணினியோடு இணைத்துப் படிக்கும் சிறு கருவிகள் விற்கிறார்கள், ஜிபிஎக்ஸ்கார்ட் என்பது ஒன்று. அதில் சேமிப்பைக் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்ட பிறகு பேட்டரி மாற்றலாம், வேண்டுமானால் திரும்பவும் ஏற்றலாம். வாங்குகிறவருக்கு அந்தச் சேமிப்பால் எந்தப் பயனுமில்லை, முதல் வேலையாக அழித்துவிடுவார். உங்கள் குடும்பத்துக்கு அது வேண்டியிருக்கும். மாமா வைத்த பெயர், அவர் வளர்த்தவை, எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. விற்பதற்கு முன் அவரையே கேட்டுவிடுங்கள்.

பேட்டரி தீர்ந்த கேசட் கெட்டுப்போன கேசட் இல்லை. ஆட்டம் நிரந்தரச் சிப்பில் இருக்கிறது, அது அப்படியே ஓடும். விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மாற்றத் தெரியாமல் ஒட்டுநாடாவால் பேட்டரியைப் பிடித்து வைப்பவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். தகடு வைத்த பேட்டரியை வாங்கிப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் மாற்றாமலே உண்மையைச் சொல்லி விற்றுவிடுங்கள். சேகரிப்பாளர் பலர் கை படாத போர்டையே விரும்புவார்கள்.

சுத்தம் செய்வதிலும் அளவு வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பட்டைகள் கறுத்திருக்கும், லேபிளில் பூஞ்சை புள்ளி வைத்திருக்கும், லயத்து வீட்டில் இருந்ததென்றால் கரப்பான் எச்சமும் இருக்கும். 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பட்டைகளை மட்டும் துடையுங்கள். அழிப்பானால் தேய்த்தால் தங்க முலாம் போகும். ஓட்டில் மார்க்கர் பேனாவால் எழுதிய பெயரும் அதே ஆல்கஹாலில் பெரும்பாலும் போய்விடும், ஆனால் லேபிள் பக்கம் அதைக் கொண்டு போகாதீர்கள், அச்சு கரையும். லேபிள் கிழிந்திருந்தால் புதிதாக அச்சடித்து ஒட்ட வேண்டாம். கிழிந்த அசல் லேபிளுக்கு மதிப்பு உண்டு. புது லேபிள் ஒட்டிய கேசட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

அட்டைப்பெட்டி இல்லாதது வருத்தம்தான். அந்தக் காலத்தில் பெட்டியை யாரும் வைத்துக்கொள்ளவில்லை, அதனாலேயே இன்று சில ஆட்டங்களில் வெறும் பெட்டிக்கே கேசட்டுக்கு நிகரான விலை கொடுக்கிறார்கள். பாட்டி வீட்டில் இன்னும் மூட்டைகள் இருந்தால், கையேடோ பெட்டியோ கிடக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள்.

2021-இல் சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போன செய்தியை நீங்களும் குறிப்பிட்டிருந்தீர்கள். அது டிவியில் ஆடும் கருவிக்கானது, உறை பிரிக்காதது, தரநிறுவனம் மதிப்பெண் போட்டுப் பெட்டியில் அடைத்தது. அந்த உயர்ந்த விலைகள் இயல்பாக வந்தவையா என்றே பிறகு பெரிய சர்ச்சை எழுந்து வழக்குவரை போனது. விளையாடித் தேய்ந்த கேசட்டுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மதிப்பெண் போட அனுப்பச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னாலும் அந்தச் செலவு வேண்டாம்.

விலை பார்க்கும்போது கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். கேரோசல் என்ற இணையச் சந்தையில் எமரால்டுக்கு ஒருவர் 900 வெள்ளி போட்டிருக்கலாம், ஆறு மாதமாக அது அங்கேயே கிடக்கலாம். இபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி உண்டு. அதைப் போட்டு, உங்களுடையதைப் போன்றே பெட்டியில்லாத, அதே மொழிக் கேசட்டுகளின் கடைசிப் பத்து விற்பனைகளைப் பாருங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவில் எது வருகிறதோ அதுதான் வெளிநாட்டு விலை. உள்ளூரில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே போகும். கோவிட் காலத்தில் எல்லாரும் வீட்டில் அடைபட்டபோது விலை தாறுமாறாக ஏறியது, அந்த ஆண்டுகளின் கணக்கை யாராவது காட்டினால் ஒதுக்கிவிடுங்கள்.

ஈப்போக் கடைக்காரர்மேல் கோபம் வேண்டாம். அவர் போலிகளையும் சேர்த்து வாங்கி, சுத்தம் செய்து, சோதித்து, மாதக்கணக்கில் அலமாரியில் வைத்து விற்க வேண்டும். அதனால் கடைக்காரர் விற்கும் விலையில் பாதியைக் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். அவர் எமரால்டைப் பார்த்தே 200 சொன்னாரா, பார்க்காமல் சொன்னாரா என்பது நமக்குத் தெரியாது. எமரால்டையும் கிரிஸ்டலையும் எடுத்துவிட்டு மற்றவற்றை மட்டும் கொண்டுபோய் விலை கேளுங்கள், தெரிந்துவிடும்.

என் யோசனை இதுதான். அந்த இரண்டும் அசல் என்று உறுதியானால் தனித்தனியாக, போர்டுப் படங்களோடு, கேரோசலிலோ முகநூல் சேகரிப்பாளர் குழுவிலோ போடுங்கள். அவசரம் இல்லையென்றால் நடுவிலைக்குச் சற்று மேலே வைத்துக் காத்திருக்கலாம். டெட்ரிஸ், மாரியோ, கிர்பி, ஜப்பானிய சிவப்பு, கோல்ட் இவற்றை ஒரே கட்டாக விற்றுவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தபால் செலவு, ஆளைச் சந்திக்கும் அலைச்சல் என்று பார்த்தால் தனியே விற்றுப் பயனில்லை. பெயர் தெரியாத ஜப்பானியக் கேசட்டுகளைப் பெயர் கண்டுபிடிக்கும்வரை எந்தக் கட்டிலும் சேர்க்காதீர்கள். கோலாலம்பூர் பக்கம் போகிற வேலை இருந்தால் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிப் பழைய பொருள் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விற்காவிட்டாலும், அசலைக் கையில் பிடித்துப் பார்த்தால் போலியைக் கண் தானாகப் பிரித்துவிடும்.

எமரால்டை வாங்க வருகிறவரை சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஆள் நடமாட்டமுள்ள ஏதாவது சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொல்லுங்கள். எஸ்பியையும் கொண்டுபோய் அவர் கண் முன்னே போட்டு, ஒருமுறை சேமித்து, அணைத்து, திரும்பத் திறந்து காட்டுங்கள். தபாலில் அனுப்புவதானால் கட்டும்போது காணொளி எடுத்து, பின்தொடரும் எண்ணோடு அனுப்புங்கள். திருப்பி அனுப்புகிற சாக்கில் உள்போர்டை மாற்றிப் போலியை வைத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் போர்டு எண் தெரியும் படம் உங்களிடம் கட்டாயம் இருக்க வேண்டும்.